கழுத்தைத் தாங்கிய கை

கீரமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில், செத்துப்போன சேவுகன் தன் புகைப்படத்துக்குள் வலது கையை முதன்முதலாக அசைத்தது 1951 தை மாதம், நெல்லறுப்பு முடிந்த வாரம்.

அவரைக் கிணற்றிலிருந்து தூக்கியது அதற்கு இரண்டு வருடம் முன்பு. கால் வழுக்கிவிட்டதாக ஊர் சொன்னது. பங்குக் கிணற்றில் அன்று தண்ணீர் முறை யாருக்கு என்று பங்காளி வீரய்யாவோடு காலையில் நடந்த சண்டையை ஊர் சொல்லவில்லை. புதுக்கோட்டையிலிருந்து படம் பிடிப்பவர் வந்து உடலை நாற்காலியில் உட்கார்த்தியபோது தலை நிற்கவில்லை. வீரய்யாதான் அழுதுகொண்டே பக்கத்தில் வந்து நின்று, கழுத்தைக் கையால் தாங்கிக்கொண்டார். அந்தக் கோலத்திலேயே படம் பதிந்தது.

மனைவி அமிர்தவல்லி அதைச் சேவுகன் உயிராக வைத்திருந்த நாவலுக்குள் வைத்தாள். அக்கரைக்குப் போன படகுக்காரனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. அதைத் திரும்பவும் படித்துக்கொண்டிருந்தவர், கடைசி அத்தியாயத்துக்கு முன் பக்க ஓரத்தை மடித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போயிருந்தார். அவருக்காக அவள் படித்தாள், மடித்த இடம் வரைக்கும். முதல் வருடம் அந்தப் பக்கத்துக்கு வந்து படத்தை எடுத்தபோதுதான் வீரய்யாவின் மணிக்கட்டில் நகக்கீறல்களைக் கண்டாள். அன்று எல்லோர் கண்ணும் அழுதுகொண்டிருந்தன. கேமரா அழவில்லை, அதனால் பார்த்திருக்கிறது.

பஞ்சாயத்தில் காட்டினாள்.

"கருவமுள்ளு கிழிச்சிருக்கும் ஆத்தா. போயி ஆகவேண்டியதப் பாரு" என்று சிரித்தார்கள்.

அவள் போய்ப் படித்தாள். வருடந்தோறும் படித்தாள். படிக்கப் படிக்கப் புத்தகம் மாறும், புகைப்படம் மாறாது என்றுதான் நினைத்திருந்தாள். நாவலில் அந்தப் பெண் எப்போதும் அதே கரையில் நின்றாள். படத்திலோ சேவுகனின் கை முழங்காலை விட்டு எழுந்தது, சில வருடங்களில் மார்புக்கு வந்தது, பிறகு வீரய்யாவின் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த வருடம் வீரய்யாவின் வலது கை விறைத்து, ஐந்து விரல் தடம் நீலமாகக் கன்றியது. வைத்தியர் வாதம் என்றார். வீரய்யா நேராக அமிர்தவல்லியிடம் வந்தார்.

"அண்ணி, அந்தப் பொஸ்தகத்தப் படிக்கிறத நிப்பாட்டிருங்க."

"நல்ல பொஸ்தகம் தம்பி. ஒங்க அண்ணன் இன்னும் முடிக்கலயில்ல?"

"தண்ணி மொறயப் பூராம் ஒங்களுக்கே விட்டுர்றேன்."

"எனக்கெதுக்கு? தண்ணிய நீங்களே வச்சுக்கங்க."

1962 சித்திரையில், அந்தக் கிணறு வற்றிக் கிடந்தபோது, அமிர்தவல்லி மடிப்பை நிமிர்த்திவிட்டுக் கடைசி அத்தியாயத்தையும் படித்து முடித்தாள். மறுநாள் விடிந்தபோது வீரய்யா தன் கட்டிலில் செத்துக் கிடந்தார். வேட்டி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வாயிலிருந்து பாசி வாடையோடு தண்ணீர் வழிந்தது. படம் பிடிப்பவருக்கு ஆள் அனுப்பப் போனார்கள்.

"எதுக்கு வீண் செலவு? எடுத்தாச்சு" என்று அமிர்தவல்லி நாவலைத் திறந்து நீட்டினாள்.

நாற்காலியில் வீரய்யா கண்மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேவுகன் நின்று அவர் கழுத்தைக் கையால் பிடித்திருந்தார். அழவில்லை. தலை நேராக இருந்ததால் வீரய்யா வீட்டாருக்குப் படம் பிடித்துப்போயிற்று. கண்ணாடி போட்டு மாட்டினார்கள். சட்டத்திலிருந்து தண்ணீர் சொட்டுவதால் கீழே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நிறைந்தால் மருமகள் கொண்டுபோய்க் கத்தரிச் செடிக்கு ஊற்றுகிறாள்.