இங்கேயும் ரெஜீம்

வகுப்பெடுக்கப் போகும் வழியில் ரஸ் ஓல்டன்காம்ப் என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எங்கள் அரசியல் அறிவியல் துறையின் தலைவர் அவர். அவர் கதவைச் சாத்தினால் யாராவது செத்திருக்க வேண்டும், அல்லது யாருக்காவது வேலை போக வேண்டும். யாரும் சாகவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில், அமெரிக்க ரெஜீமை மாற்றுவது சுலபமில்லை என்று சொல்லியிருந்தேன். மாணவர் யாரோ அதைக் கைப்பேசியில் பிடித்து வெளியிட்டுவிட்டார். ஒஹாயோவின் காலை வானொலியில் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எங்கள் துறையில் 'ரெஜீம்' உப்புச் சப்பில்லாத சொல். ஒரு நாட்டை யார், எந்த முறையில் ஆள்கிறார்கள் என்பதற்கான பொதுப்பெயர். வானொலி கேட்பவர்களுக்கோ அது எதிரி நாட்டுச் சர்வாதிகாரியைத் திட்டும் சொல். தேர்தல் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் வேட்பாளர் பெயர்ப் பலகைகள் நட்டிருந்தார்கள்.

மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பல்கலைக்கழகத் தலைவரைத் தொலைபேசியில் பிடித்து, வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு நாட்டைத் திட்டுகிறாளா என்று கேட்டாராம். என் பணி நிரந்தரத்துக்கான துறை வாக்கெடுப்பு வெள்ளிக்கிழமை. அதில் தோற்றால் அடுத்த வருடத்தோடு மூட்டை கட்ட வேண்டும். இங்கே அதுதான் வழக்கம்.

"கிரெட்சன், நீ ஒண்ணும் தப்பாச் சொல்லலை," என்றார் ரஸ். "என் புத்தகத்தோட அட்டையிலயே அந்த வார்த்தை இருக்கு. வாங்கினவங்கள்ல பாதிப்பேர் என் சொந்தக்காரங்க. அதனால தப்பிச்சேன்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"வாய் தவறிடுச்சுன்னு சொல்லிடு. 'அமைப்பு'ன்னு சொல்ல நினைச்சேன்னு சொல்லு. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையை நான் பார்த்துக்கறேன்."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். 'வாய் தவறிவிட்டது.' நடைவழி முழுக்க அதைச் சொல்லிப் பார்த்தபடியே நடந்தேன். சின்ன வாக்கியம்தான். வீட்டுக் கடன் இருப்பவள் சொல்லக்கூடிய வாக்கியம்தான்.

வழக்கமாகப் பின்வரிசைகள் காலியாகக் கிடக்கும். அன்று ஒரு நாற்காலி மிச்சமில்லை. தொப்பி போட்ட, எனக்கு முகம் தெரியாத சிலர் பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். மேசைகள்மேல் கைப்பேசிகள் தயாராக இருந்தன. காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ரஸ் சொல்லிக்கொடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்தேன். அது திட்டும் சொல் அல்ல, நாங்கள் எல்லா நாடுகளுக்கும் பொதுவாகப் பயன்படுத்துவது என்று தொடங்கினேன். முன்வரிசையில் கை ஒன்று உயர்ந்தது. ஷெல்பி ரோர்பாக், சோயா விவசாயியின் மகள். ஒரு வகுப்பையும் தவறவிடாதவள்.

"புரொஃபசர், எல்லா நாட்டுக்கும்னு சொல்றீங்க. ரஷ்யாவுக்கு ரெஜீம்னீங்க, ஈரானுக்கு ரெஜீம்னீங்க. பிரிட்டன் வந்தா மட்டும் 'அரசாங்கம்'னு ஆயிடுது. கனடாவுக்கும் அதே மரியாதைதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"நம்ம நாட்டுக்குத் திங்கக்கிழமைதான் முதல் தடவையாச் சொன்னீங்க. அதான் ரெக்கார்ட் பண்ணேன். வாய் தவறிடுச்சா, இல்ல நினைச்சுத்தான் சொன்னீங்களா?"

கைப்பேசியில் பிடித்தது அவள்தான். ரஸ் கொடுத்த வாக்கியத்தை அவளே என் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். 'ஆமாம்' என்ற ஒரு சொல் போதும். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரஸ் வந்து நின்றிருந்தார்.

ஆனால் அவள் சொன்னது சரி. பொதுச்சொல் என்று பெருமையடித்த நான் அதை நட்பு நாடுகளுக்கு ஒருநாளும் கொடுத்ததில்லை. திங்கட்கிழமை, தோற்காதபடி தங்கள் தொகுதிகளின் எல்லைகளைத் தாங்களே வரைந்துகொள்ளும் சட்டமன்றங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தத் தொகுதி வரைபடம் பின்னால் திரையில் விரிந்திருக்க, வேறு சொல் நாக்கில் வரவில்லை.

"நினைச்சுத்தான் சொன்னேன்," என்றேன். "பிரிட்டனுக்கும் கனடாவுக்கும் சொல்லாம விட்டதுதான் என் தப்பு."

அறை முழுக்க ஒரே சலசலப்பு. சுவரோரம் நின்றவர்களில் ஒருவர் ஏதோ கத்தினார். ஷெல்பி தன் கைப்பேசியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. சத்தத்துல சரியா விழல."

நிதானமாக, முதலிலிருந்து மறுபடி சொன்னேன். சொல்லி முடித்துக் கதவைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருமில்லை.