றெக்ஸின் கைக்கு ஒரு விளக்கம்

தொண்ணூற்று நாலாம் ஆண்டு, ஜேர்மனியின் ஹம் நகரத்துக் கண்காட்சி மண்டபத்தில், என் மனுசன் றெக்ஸின் வலக்கை முழங்கை வரைக்கும் ஒரு வெள்ளைப் பீடத்தில் நின்றது. பிளாஸ்டரில் வார்த்த கைதான். எங்கள் அகதிகள் விடுதியான ஹைமுக்கு டொச் மொழி படிப்பிக்க வாற சிற்பி உர்சுலா செய்தது. கேட்டவளுக்கு இல்லையென்று சொல்ல மனம் வராமல் இந்த மனுசனும் கையை நீட்டிவிட்டார். இப்போது அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் கருத்தை விளக்கினாள். ஐரோப்பாவின் கதவைத் தட்டும் கையாம். வெறுமையின் கனமாம். கையில் இருந்த தழும்பு, வதை செய்தவன் உடம்பில் எழுதிய கவிதையாம்.

கண்டறியாத கவிதை. போன நத்தார்ப் பண்டிகைக்கு ஹைம் குசினியில் றோல்ஸ் பொரிக்கும்போது தாச்சி சரிந்து எண்ணெய் கொட்டின தழும்பு அது. வார்க்க வந்த அன்று அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. தடவிப் பார்த்துக் கண்கலங்கினாள், அவ்வளவுதான்.

பக்கத்தில் நின்ற பத்திரிகைக்காரன் எல்லாவற்றையும் எழுதினான். வாற கிழமை றெக்ஸின் அகதி வழக்குக்கு டெர்மின், விசாரணை நாள். என்னை ஒருவரும் அடிக்கவில்லை, பிடிபட முதல் ஓடிவந்தேன் என்று முதல் விசாரணையில் உள்ளதைத்தான் சொல்லியிருந்தார். இந்தப் பேப்பர் நீதிபதியின் கண்ணில் பட்டால் மனுசன் பொய்க்காரன். பிறகு கொழும்புக்கு பிளேன்தான்.

"என்னவாம், பற்றிமா?" டொச் சரியாக விளங்காத றெக்ஸ் கேட்டார்.

"உங்களைப் பிடிச்சு வதைச்சவங்களாம்."

"எண்ணெயெண்டு சொல்லுமப்பா."

சொன்னேன். முழு மண்டபத்துக்கும் கேட்க டொச்சில் எண்ணெய் என்றேன், றோல்ஸ் என்றேன், ஒருவரும் அவரைத் தொடவில்லை என்றேன்.

உர்சுலா என் தோளில் கை போட்டாள். வாயில் வைன் மணத்தது. "பார்த்தீர்களா, பட்டவர்களால் சொல்லவும் முடிவதில்லை. என் வேலையே இந்த மௌனத்தைப் பற்றியதுதான்" என்றாள் சனத்திடம். சனம் கைதட்டியது. ஒரு கிழவி மூக்கைச் சிந்தினாள். எனக்குக் காறித் துப்பவேண்டும் போலிருந்தது.

அதை எழுதவேண்டாம், வழக்கு இருக்கிறது என்று பத்திரிகைக்காரனிடம் கெஞ்சினேன். "பயப்படாதீர்கள், இது உங்களுக்கு உதவும்" என்றான், நல்ல மனதோடுதான். அதற்குள் உர்சுலா றெக்ஸைப் பீடத்தருகே நிறுத்தி, சேட்டுக் கையை மடித்துவிட்டிருந்தாள். அவர் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்கவேண்டாமென்று அவரிடம் சொல்லுங்கள்" என்றான் பத்திரிகைக்காரன், கமராவைத் தூக்கியபடி.

நான் ஓடிப்போய் சேட்டுக் கையை இழுத்துவிட்டு, தழும்பு தெரியாமல் பொத்தானைப் பூட்டத் தொடங்கினேன். பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை. ஃபிளாஷ் அடித்தது. திரும்பவும் அடித்தது.

"அப்படியே நில்லுங்கள்" என்றாள் உர்சுலா, பின்னாலிருந்து, மெல்ல.