வெர்லின் ஸ்டப்ஸ் நாற்காலியை நகர்த்தாத கதை

வெர்லின் ஸ்டப்ஸை நோக்கி அவர் மகள் டெலா சுட்ட குண்டு, சுட்டு ஏழு வருஷமாகியும் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. இப்போது அது அவர்கள் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடும் கொடிக்குச் சற்று இப்பால், நெஞ்சு உயரத்தில் நிற்கிறது. நிற்கிறது என்பது பார்வைக்கு. வாரத்துக்கு ஒரு விரற்கடை நகர்கிறது. வெயிலில் கூடுவதில்லை, பனியில் குறைவதில்லை. தொட்டால் சுடும். குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பூனை அதற்கு நேர் கீழே படுத்துக்கொள்ளும்.

வெர்லின் வார நாட்களில் எரிவாயு லாரி ஓட்டினார். சனிக்கிழமைகளில் மில்சாப் க்ரீக் தேவாலயத்தின் நிலவறையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி வகுப்பு எடுத்தார். நியாயமாகச் சொன்னால் நன்றாகவே எடுத்தார். மூச்சை எங்கே நிறுத்துவது, விரலை எங்கே வைத்திருப்பது, பூட்டி வைப்பது எப்படி, எல்லாம் பொறுமையாகச் சொல்வார். எதைச் சுடுகிறாய் என்று தெரியாமல் சுடாதே என்று கரும்பலகையில் எழுதி, அதை யாரும் அழிக்கக் கூடாது என்று சுற்றிலும் கட்டம் போட்டு வைத்திருந்தார். வகுப்பிலேயே கெட்டிக்காரி டெலாதான். வேலிமேல் வைத்த சோடா டப்பாவைச் சுட்டு, கீழே விழாமல் உருள வைப்பாள். டப்பா உருளுவது அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். திருடனைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை. அந்த வேலையை வெர்லின் பார்த்துக்கொண்டார். எங்கள் ஊரில் யாருக்கும் நினைவு தெரிந்து வீடு புகுந்தது ரக்கூன் என்ற பிராணி ஒன்று மட்டும்தான், அதுவும் ரொட்டிக்காக. ஆனாலும் வெர்லின் திருடனைப் பற்றிப் பேசும்போது, விசேஷத்துக்கு வரப்போகிற பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். இந்த உயரம் இருப்பான், இப்படிப்பட்ட பூட்ஸ் போட்டிருப்பான், சலவை அறை ஜன்னல் வழியாகத்தான் வருவான். வருஷக்கணக்காகக் காத்திருந்தும் அவன் வராததால், ஒரு நவம்பர் மாதப் பிற்பகலில் வெர்லினே போய்விட்டு வந்தார்.

நாய்க்குத் தீனி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர், வண்டியைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்தினார், கம்பளி முகமூடியை மாட்டிக்கொண்டார், சொந்த வீட்டின் சலவை அறை ஜன்னலை நெம்பி உள்ளே இறங்கினார். மனைவி ஜோனெல் அக்காள் வீட்டில் இருந்தாள். டெலாவுக்குப் பதினைந்து வயது; சமையலறையில் ரொட்டியில் சீஸ் வைத்து வாட்டிக்கொண்டிருந்தாள். அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றையும் அவள் விடவில்லை. அடுப்பை அணைத்தாள். ஷெரீஃபுக்குப் போன் செய்தாள். பெட்டியைத் திறந்து ரைஃபிளை எடுத்து நடையின் கோடியில் சுவரோரம் நின்று, யாரு என்று கேட்டாள். பதில் இல்லை. திரும்பவும் கேட்டாள். கையில் துப்பாக்கி இருக்கிறது, தயவுசெய்து போய்விடுங்கள் என்று அழுதுகொண்டே சொன்னாள். மகளுக்கு வைக்கிற பரீட்சையில் பாதி விடையைச் சொல்லிக்கொடுத்தால் அது பரீட்சையா என்று நினைத்த வெர்லின் வாயைத் திறக்காமல் கூடத்துக்குள் வந்து, டார்ச் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தார். அவள் சுட்டாள்.

குண்டு குழாயை விட்டு எல்லாக் குண்டுகளையும் போலத்தான் வந்தது. நடையின் பாதியில், கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்த்தவர் போலத் தயங்கி, மெதுவாகிவிட்டது. வெர்லின் தன் சாய்வு நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். முகமூடியைக் கழற்றினார். மகளைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை இது:

"தோள உசத்திட்ட."

அப்புறம் அந்தக் குண்டை என்ன செய்வது என்ற பிரச்சினை. இடுக்கியால் பிடித்து இழுத்தார்கள், இடுக்கி வளைந்தது. மெத்தையை மாட்டிப் பார்த்தார்கள். ஜோனெலின் இரும்பு வாணலியைக் குறுக்கே கட்டினார்கள். சில நாளில் அழகாகத் துளை போட்டுவிட்டு அந்தப் பக்கம் வந்தது, வாணலிதான் வீண். ஷெரீஃப் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இதுவரை யார்மேலும் படாததால் இது குற்றமா விபத்தா என்று இப்போதே சொல்ல முடியாது, பட்ட பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, வாட்டிய ரொட்டியைச் சாப்பிட்டுப் போனார். போதகர் அந்த ஞாயிறு அதைப் பற்றியே பிரசங்கம் செய்தார். நிலவறை வகுப்பில் இடம் போதாமல் போயிற்று. டெலாவுக்குப் பரிசுக் கோப்பை கொடுத்தார்கள். அவள் அதைச் சலவை அறை ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்து வைத்தாள். அது இனி வெளியிலிருந்து திறக்காது.

குண்டு நேராகப் போகும் இடம் வெர்லினின் சாய்வு நாற்காலி, அதில் சாய்ந்தால் அவர் நெஞ்சு. இதற்கு ஊர் கூடி யோசிக்க ஒன்றுமில்லை.

"ஏம்ப்பா வெர்லின், அந்த நாற்காலிய ஒரு அடி தள்ளிப் போட்டா என்னவாம்?" என்று ஜோனெல் மறுநாளே கேட்டாள்.

"என் வீட்டுல நான் எதுக்குடி தள்ளணும்?" என்றார் வெர்லின்.

தன் வீட்டுக்குள் ஒரு மனிதன் ஆபத்தைக் கண்டு பின்வாங்கத் தேவையில்லை என்று எங்கள் மிசௌரி மாநிலச் சட்டம் சொல்கிறது. தேவையில்லை என்பதை வெர்லின் கூடாது என்று படித்துக்கொண்டார். எங்கள் ஊரும் சேர்ந்து அப்படியே படித்தது. இவ்வளவு பேர் இவ்வளவு ஒற்றுமையாகத் தப்பாகப் படித்தது வேறெதையும் நான் பார்த்ததில்லை. சாயங்காலங்களில் ஆட்கள் வந்து அவர் நாற்காலியில் சாய்ந்து பேஸ்பால் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மனுஷன்னா இவன் என்றார்கள். பெண்கள் சாவு வீட்டுக்குக் கொடுக்கிற நூடுல்ஸ் பலகாரத்தை இப்போதே சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள், நாள் நெருங்கும்போது கூட்டமாக இருக்கும் என்று. அவர் வாங்கிக்கொண்டார்.

டெலா ரைஃபிளைத் தொடுவதை விட்டாள். ஒருத்தரைக் கொல்ல நாலு வருஷம் எடுத்துக்கொண்ட பெண் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்; அதுவும் ஒவ்வொரு நாளும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு. பள்ளி நடனத்துக்குப் போகும்போதும் நடையில் குனிந்துதான் போனாள், உடுப்பில் சூடு பட்டுவிடக் கூடாதென்று. அவள் அவரிடம் கேட்டது ஒன்றுதான். நாற்காலியை நகர்த்துங்கள், இல்லையென்றால் யாரு என்று நான் கேட்டபோது பதில் சொல்லாதது உங்கள் தப்பு என்றாவது சொல்லுங்கள். திருடன் பதில் சொல்வானா என்று அவர் திருப்பிக் கேட்டார். நீங்கள் திருடன் இல்லையே என்றாள். அன்றைக்குத் திருடன்தான் என்றார். இந்தப் பேச்சு பதினாறு வயதிலும் நடந்தது, பதினேழிலும் நடந்தது, பதினெட்டில் இருவருமே மனப்பாடமாகச் சொன்னார்கள். குண்டு கூடத்துக்குள் வந்து, கம்பளத்தின் ஓரத்தைத் தாண்டி, நாற்காலியின் கால்மணையை நோக்கி வந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கற்றுக்கொள்ள மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார், எங்கள் ஊர் அதற்குக் கைதட்டியது.

அவளுக்குப் பத்தொன்பது வயதான இளவேனிலில், தீவனக் கடை வேலை முடிந்து வந்த டெலா சமையலறையிலிருந்து மர நாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து, குண்டுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போட்டு, அவரைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் குண்டு. டிவி மறைக்கிறது என்றார் வெர்லின்.

"இது என் வீடும்தாம்ப்பா. நானும் பின்வாங்க மாட்டேன்."

ஜோனெல் அழுதாள், திட்டினாள், இருவருக்கும் சாப்பாடு போடமாட்டேன் என்றாள், பிறகு போட்டாள். டெலா தினமும் வந்து உட்கார்ந்தாள். குண்டு அவள் கண்ணில் படாது. அதனால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்பாள்:

"இன்னும் எவ்ளோ இருக்குப்பா?"

வெர்லின் பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பது அவருக்குப் பழக்கம். ஆனால் முதல் வாரம் அவர் கழுத்தை நீட்டி அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்ததை ஜோனெல் பார்த்தாள். அடுத்த வாரம் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரம், அவள் கேட்டதும், ஒரு சாண் என்றார். பிறகு நாலு விரல். பிறகு அவள் கேட்கும் முன்பே சொல்ல ஆரம்பித்தார். குரல் வேறு மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பினார், மனுஷன்னா இவன் என்று சொல்ல வந்தவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். எனக்கும் கிடைத்தது.

ஒரு வியாழக்கிழமை அந்தி நேரத்தில் கூடத்தில் பருத்தி பொசுங்கும் வாசனை வந்தது. டெலா நகரவில்லை. இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள்.

"சட்டையத் தொட்டுருச்சு. எந்திரி டெலா."

"நீங்க எந்திரிங்க."

"எந்திரிடிங்கறேன்."

"நீங்க எந்திரிங்கப்பா. சொல்லிக்குடுத்தது நீங்கதான? மொதல்ல நீங்க."

வெர்லின் ஸ்டப்ஸ் கைப்பிடியை ஊன்றி எழுந்தார். காபி ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றார். டெலா எழுந்து சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். அவள் முதுகுத் தோலில் பொத்தான் அளவுக்குப் பழுப்பு வட்டம். அதற்கு ஜோனெல் வெண்ணெய் தடவினாள்.

குண்டு மர நாற்காலியின் முதுகுப் பலகையை முழுதாகத் துளைத்து வெளியே வந்தது. மாதங்கள் கழித்துச் சாய்வு நாற்காலியை, நெஞ்சு இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஆளில்லாமல் துளைத்தது. பிறகு சுவர், பிறகு வெளியே. வெர்லின் தப்பு என்று இன்றுவரை சொல்லவில்லை. மறுபடியும் அதே நாற்காலியில்தான் சாய்கிறார். வாடைக்காற்று அடித்தால் அவர் முதுகுக்குப் பின்னால் அந்தத் துளையில் விசில் சத்தம் கேட்கிறது. அவர் நகரவே இல்லை, குண்டுதான் வளைந்து போயிற்று என்று ஊரில் சொல்கிறார்கள். நிலவறை வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஜோனெல் கம்பிக் கொக்கி போட்ட துணிக் கிளிப் பையைக் குண்டில் மாட்டி வைத்திருக்கிறாள். வாரா வாரம் அது கொடியை நெருங்கி வருவது அவளுக்கு வசதிதான்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. வேலை முடிந்து வரும் வெர்லின், சாவி கையில் இருந்தும், சொந்த வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, நான்தான், வெர்லின், என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறார். உள்ளே டெலா இருப்பாள். அவள் உடனே பதில் சொல்வதில்லை.