பாதி உடையும் இடம்

1.

இந்தக் கதை ஒரு கொட்டாவியில் பிறந்தது. அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போக அவளுடைய ஆய்வகத்தில் காத்திருந்தேன். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பு ஒரே சுருதியில் உறுமியதில் கண் சொக்கியது. திரையைப் பார்த்தபடியே அக்கா, "இதோ, பாதி போச்சு" என்றாள். எது போச்சு என்று கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நீங்களும் உருப்படியாக வேறு ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "உலோகத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் மூலக்கூறுக்கும் உள்ள உறவு ஒரு தாம்பத்தியத்தைப் போல..."

அக்கா படித்துவிட்டு, "என் மெஷினுக்குள்ள யாருக்கும் கல்யாணம் பண்ணி வைக்காத" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "ஒரு பிடி எவ்வளவு உறுதி என்று அறிய, அதை உடைத்துத்தான்..." இது பயமுறுத்துகிறது. இதுவும் வேண்டாம்.

மூன்றாவதில் நானே உள்ளே போய்விட்டேன். ஊசி முனையில் ஒரு துளியாகத் தொங்குகிறேன். மின்சாரம் என்னைப் பனிமூட்டமாகச் சிதறடிக்கிறது. ஈரம் காய்கிறது, காய்கிறது, கடைசியில் தண்ணீரே இல்லை. என் கையில் ஓர் உலோகத் துகள் மட்டும் இருக்கிறது. அதை அணைத்தபடி வெற்றிடத்தில் பறக்கிறேன். சத்தமில்லை. எடை மட்டும் இருக்கிறது, அந்த எடையை யாரோ எங்கோ குறித்துக்கொள்கிறார்கள். பிறகு எதிரே வாயு வருகிறது. மோதுகிறேன். அக்கா வோல்டேஜை ஏற்றுகிறாள். இன்னும் வேகமாக மோதுகிறேன். என்னைப் போலப் பறந்தவர்களில் பாதிப் பேர் கையை விட்டுவிடும் அந்த வோல்டேஜ்தான் அக்கா தேடும் எண்.

(அக்கா: "நீ விடுவியா, மாட்டியா?" நான்: "தெரியல." அக்கா: "அதான் அளக்கறோம்.")

3.

கதைக்கு இன்னொருத்தி வேண்டும். இருக்கிறாள். வளைய வடிவ மூலக்கூறுகள் செய்பவள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்கு மோதிரம் என்று பெயர். அக்காவின் உயிர்த்தோழி. அக்காவின் சாப்பாட்டு டப்பாவை அக்காவுக்கு முன்னால் திறப்பவள்.

நான் அவளைச் சாதுவாக எழுதியிருந்தேன். "யாரு, அவளா?" என்று அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அவ வாயத் திறந்தா பக்கத்து ரூம்ல கதவ சாத்துவாங்க." பிறகு சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

காரணம் உண்டு. உடம்பில் ஈயம் சேர்ந்துவிட்டவர்களுக்காக மோதிரம் ஒரு வளையம் செய்திருந்தாள். அது ஈயத்தைக் கவ்விக்கொண்டு உடம்பை விட்டு வெளியேற வேண்டும், நடுவழியில் விட்டுவிடக் கூடாது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள ஒரு கூண்டு மூலக்கூறோடு ஒப்பிட்டுச் சொல்லும் வேலை அக்காவுடையது. அக்கா இரண்டையும் உடைத்தாள். கூண்டு தாங்கிய வோல்டேஜில் முக்கால்வாசிக்குக்கூட வளையம் தாங்கவில்லை. கூட்டத்தில் வரைபடத்தைப் போட்டுக் காட்டினாள். ஆய்வகத் தலைவர், "அப்ப இத நிறுத்திடலாம்" என்றார்.

மோதிரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாததுதான் அக்காவைத் தின்றுகொண்டிருக்கிறது.*

* இது அடிக்குறிப்பு. அக்கா இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்: அன்றிலிருந்து அவள் டப்பாவில் பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது.

4.

இன்று மாலை இந்தப் பக்கங்களை அக்காவிடம் நீட்டினேன். அவளுக்கு ஒரு கையில் தேநீர், ஒரு கையில் கதை. நான் மிகவும் பெருமைப்பட்ட வாக்கியத்தில் அவள் நின்றாள்:

"கூண்டையும் வளையத்தையும் அக்கா ஓரவஞ்சனை இல்லாமல் ஒரே விசையில் தள்ளினாள்."

"ஒரே விசைன்னு யாருடா சொன்னது?"

"நீதான சொன்ன. ரெண்டுக்கும் ஒரே வோல்டேஜ்னு."

"வோல்டேஜ் ஒண்ணுதான். ஆனா..."

தேநீரை வைத்தாள். வைத்த இடம் மேசையின் விளிம்பு என்பதால் நான் பிடித்துக்கொண்டேன்.

கூண்டுக்கு ஒற்றை மின்னேற்றம். வளையத்துக்கு இரட்டை. அதே வோல்டேஜில் இரட்டை மின்னேற்றம் உள்ளது இரண்டு மடங்கு ஆற்றலோடு போய் மோதும். அக்காவுக்கு இது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், கணக்கைத் திருத்தாமல் இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டுவிட்டாள். மோதிரமும் அவமானத்தில் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"அப்ப வளையம்தான் ஜெயிச்சுதா?" என்றேன். கதைக்காரனின் பேராசை.

"அப்படிச் சொல்லல. திரும்ப அளக்கணும். அவளுக்கு நியாயம் செய்யல, அவ்வளவுதான் இப்ப தெரியும்." அக்கா போனை எடுத்து மோதிரத்தை அழைத்தாள். "அந்த வளையம் கடைசியா ஒரு குப்பிதான்டா அவகிட்ட மிச்சம். இன்னிக்கு மேசைய காலி பண்றா."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. மோதிரம் எடுக்கவில்லை.

5.

முடிவு ஒன்று: நாங்கள் போகும்போது குப்பி காலி. இருவரும் கட்டிக்கொண்டு...

வேண்டாம்.

முடிவு இரண்டு: குப்பி பத்திரம். மறுபடி அளக்கிறார்கள். வளையம் பாறை மாதிரி நிற்கிறது. தலைவர் வந்து...

"அளக்காம எழுதாத," என்றாள் அக்கா, செருப்பை மாட்டியபடி. "எனக்கு அந்தத் தப்பு ஒண்ணு போதும்."

6.

அதனால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நீளமான நடைவழி, கடைசிச் சன்னலில் மங்கிய வெயில். பம்பு உறுமுகிறது. காலியான மேசை. அதற்கப்பால், கழிவுக் கேனுக்கு முன்னால் மோதிரம் நிற்கிறாள். எங்களுக்கு அவள் முதுகுதான் தெரிகிறது. வலது முழங்கை மடங்கியிருக்கிறது. கையில் குப்பி இருக்கிறது. குப்பியில் ஏதாவது இருக்கிறதா என்பது தெரியவில்லை.

"மோதிரம், தப்பு என்னுது," என்று அக்கா கத்துகிறாள். "உன் வளையம் மேல தப்பில்ல. நான்தான் அத ரெண்டு மடங்கு அடிச்சிட்டேன்."

முழங்கை அசையவில்லை. அவளுடைய தோள்கள் மட்டும் குலுங்குகின்றன. சிரிக்கிறாளா, அழுகிறாளா?

நான் வாசலோடு நின்றுவிட்டேன், இதற்கு மேல் என்னால் வர முடியாது. நீங்கள் என்னைவிட ஓரடி முன்னால் நிற்கிறீர்கள். அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பாருங்கள். குப்பியில் ஒரு துளி மிச்சமிருந்தாலும் அக்காவிடம் சொல்லுங்கள். திரும்ப அளக்க அவளுக்கு ஒரு துளி போதும்.