மாடி வீட்டுப் பந்தி

தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கையிலேயே அனந்தலக்ஷ்மி போர்ப் பிரகடனம் செய்துவிட்டாள். இடம், கிட்வாய் நகர் பால் பூத். யாருக்கு எதிராகப் பிரகடனமோ, அந்த மீனாக்ஷி மாமி வரிசையில் அவளுக்கு நேர் முன்னால் தூக்குப் பாத்திரத்துடன் நின்றிருந்தாள்.

"இந்த வருஷம் தீபாவளி விருந்து எங்காத்துல. எல்லாரும் வந்துடணும்."

வரிசையே மூச்சு விட மறந்தது. டோக்கன் போட்டிருந்த ஒரு மாமி குழாயடியில் பாத்திரத்தைப் பிடிக்க மறந்து, அரை லிட்டர் பால் சாக்கடை வழியாக யமுனைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஏனென்றால் கிட்வாய் நகரில் தமிழர்களின் தீபாவளி விருந்து என்பது மீனாக்ஷியின் சொத்து. அவள் புருஷன் கோபாலன் டெல்லிக்கு மாற்றலாகி வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். கீழ்த்தள ஃப்ளாட், வாசலில் கைக்குட்டை அளவு புல்தரை, அதில் ஒரு ஷாமியானா. அதற்கு மேல் மாடியில் குடியிருந்த அனந்தலக்ஷ்மி, வருஷா வருஷம் படியிறங்கிப் போய் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பாட்டோடு வசவையும் சேர்த்து விழுங்கிவிட்டு வருவாள். வசவு என்றால் நேரடி வசவா? மீனாக்ஷியாவது, நேரடியாகத் திட்டுவதாவது! "நன்னா சாப்பிடு அனந்தா. பாவம், ஆபீஸ் போறவ, உங்காத்துல ரசம் வெச்சாலே அன்னிக்குப் பண்டிகைதானே!" என்று ஊர் கேட்கச் சொல்லி, கூடவே நெய்யும் ஊற்றுவாள். நெய்யோடு இறங்கிய அந்தச் சொல் லோதி ரோடு ஆபீஸில் ஃபைல் புரட்டும்போதெல்லாம் அனந்தலக்ஷ்மிக்கு எதுக்களித்துக்கொண்டே இருக்கும்.

இனிமேல் தள்ளிப்போட முடியாது. புருஷன் அச்சுதனுக்கு மார்ச்சில் ரிட்டயர்மென்ட். சர்க்கார் வீட்டைக் காலி செய்துவிட்டு மெட்ராஸ் பக்கம் போய்விடுவார்கள். ஒரே ஒரு தடவையாவது இந்தக் காலனி தன் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் 'வருஷா வருஷம் ஓசிச் சாப்பாடு சாப்பிட்ட மாடி வீட்டுக்காரி' என்றுதான் கிட்வாய் நகர் சரித்திரத்தில் அவள் பெயர் பொறிக்கப்படும்.

தேதி குறிப்பதிலும் அவள் மீனாக்ஷியை ஒரு படி தாண்டினாள். நம் தீபாவளி பெரும்பாலும் ஒரு நாள் முன்னதாக வந்து தொலையும். டெல்லிக்காரர்களின் தீபாவளிக்குத்தான் சர்க்கார் லீவு. மீனாக்ஷி எப்போதும் லீவுக்கு முந்தின நாள் ராத்திரியே விருந்தை வைத்துவிடுவாள். அது ஏன் என்று அனந்தலக்ஷ்மி பல வருஷம் ஆராய்ந்து கண்ட முடிவு, கஞ்சத்தனம். ஆபீஸிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வருகிறவன் எத்தனை சாப்பிடுவான்? இரண்டு கவளத்தில் கொட்டாவி விட்டு எழுந்துவிடுவான். நான் லீவு அன்றைக்கே வைப்பேன், மனுஷர்கள் சாவகாசமாக உட்கார்ந்து இலையை வழித்துச் சாப்பிடட்டும் என்று அவள் ஆபீஸ் சுவரில் தொங்கிய சர்க்கார் காலண்டரைப் பார்த்து நாள் குறித்தாள். லீவு சிவப்பாகப் பளிச்சென்று இருந்தது.

ஏற்பாடுகள் ஆரம்பமாயின. அச்சுதன் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்த நடையில், சொல்லப்போனால், திருப்பதிக்கே போய்த் திரும்பியிருக்கலாம். வாழையிலைக்கு முன்பணம், பாஸ்மதி அரிசிக்குப் பேரம், வெங்காயம் ஒரு மூட்டை. மூட்டையைப் பார்த்த மகள் மேதா, "அம்மா, பைத்தியமா, பாகல் ஆயிட்டியா? ஆர்மிக்கா சமைக்கறே?" என்றாள். மேதா டெல்லியில் பிறந்தவள். தமிழில் கோபம் வந்தாலும் ஹிந்தியில்தான் முடியும்.

"ஆமா, ஆர்மிதான். கீழாத்துக்காரிக்கு எதிரா."

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. பெரிய அண்டாக்கள் பஜனை மண்டலிக்குச் சொந்தம். அவை குடியிருந்தது மீனாக்ஷி வீட்டுப் பரணில். அவற்றைக் கேட்டு வாங்குவதற்குள் ரத்த ஆறு ஓடும் என்று எதிர்பார்த்த அனந்தலக்ஷ்மி, பஸ்ஸில் போக வர இரண்டு நாள் வசனம் ஒத்திகை பார்த்துக்கொண்டு படியிறங்கினாள்.

"அண்டாவா? எடுத்துண்டு போயேன்," என்றாள் மீனாக்ஷி. "ரெண்டா வேணும்னாலும் எடுத்துக்கோ. என்னெல்லாம் பண்றதா உத்தேசம்?"

ஒத்திகை பார்த்த வசனம் எல்லாம் வீணாய்ப் போன எரிச்சலில் அனந்தலக்ஷ்மி, "புலாவ், வெங்காய சாம்பார், உருளைக்கிழங்குக் காரக்கறி, தயிர் சாதம், குலாப் ஜாமூன்," என்று கல்லெறிவது போல ஒவ்வொன்றாக எறிந்தாள்.

"பேஷ்! வெங்காயம் தாராளமாப் போடு. பூண்டும் ரெண்டு தட்டிப் போடேன், டெல்லிக்கு வந்தப்பறம் என்ன மடி வேண்டிக் கிடக்கு? லீவன்னிக்கு ராத்திரிதானே?"

"ஆமா. உங்களாட்டம் ஆபீஸ் நாள்ல வெச்சு எல்லாரையும் அவசர அவசரமா முழுங்க வெக்க மாட்டேன்."

"ரொம்ப சரி. அன்னிக்கே வை. யார் என்ன சொன்னாலும் நாளை மாத்திடாதே," என்று மீனாக்ஷி தன் கையாலேயே அண்டாவைத் துடைத்துக் கொடுத்தாள்.

நாகப்பாம்பு பல் தேய்த்துவிட்டுச் சிரித்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தச் சிரிப்பு. ஆனால் கையில் அண்டா கிடைத்த சந்தோஷத்தில் அனந்தலக்ஷ்மி அதை யோசிக்கவில்லை.

விருந்துக்கு முதல் நாள் மத்தியானம் போன் அடித்தது. லோதி ரோடு ரங்கராஜன் மாமா. வயசில் மூத்தவர் என்று அவரைத்தான் முதல் ஆளாக அழைத்திருந்தாள்.

"அனந்தா, எனக்குன்னு ஒண்ணும் மெனக்கெடாதே. ஒரு டம்ளர் பால், ரெண்டு பழம் போறும். அமாவாசையோன்னோ நாளைக்கு!"

"இருக்கட்டுமே மாமா, அதுக்கென்ன?"

அந்தப் பக்கம் மாமா குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்: "தர்ப்பணம் பண்றவன் அமாவாசை ராத்திரி சாதம் தொடுவானோடி? பலகாரந்தானே! வெங்காயத்தை மோந்துகூடப் பாக்க மாட்டான். உனக்கெங்கே தெரியப் போறது, உன் மாமனார்தான் கல்லு மாதிரி இருக்காரே, நன்னா இருக்கட்டும். மீனாக்ஷி எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காளே. அனந்தாவாத்துல தலையைக் காமிச்சுட்டு நேரே கீழ வந்துடுங்கோ, உப்புமாவும் கோதுமை தோசையும் ரெடியா இருக்கும்னு. உன்கிட்டச் சொல்லலையா?"

அனந்தலக்ஷ்மி போனை வைத்தாள். மாமா சொன்னது வாஸ்தவம். அவள் மாமனார் கும்பகோணத்தில் தொண்ணூறு வயசில் தானே தென்னை மரம் ஏறாத குறையாக இருந்தார். யமன் இரண்டு தடவை வந்து அவரிடம் வாக்குவாதத்தில் தோற்றுத் திரும்பியதாகக் கேள்வி. அவளுடைய சொந்த அப்பாவும், அந்த அப்பாவின் அப்பாவும்கூட அதே ஜாதகம். அப்பா உயிரோடு இருக்கிறவனுக்குத் தர்ப்பணம் கிடையாது. தர்ப்பணம் இல்லாத வீட்டில் அமாவாசையும் ஒன்றுதான், செவ்வாய்க்கிழமையும் ஒன்றுதான். ஆனால் காலனியில் மற்ற ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் அப்பாவை அனுப்பிவைத்தவர்கள். மீனாக்ஷி இத்தனை வருஷமும் விருந்தை முந்தின நாள் வைத்தது கஞ்சத்தனத்தால் இல்லை. சர்க்கார் காலண்டரில் லீவு இருக்கும், அமாவாசை இருக்காது.

"இவ்வளவு நாளா வாயைத் தொறக்காம இருந்திருக்கா பாருங்கோ! பூண்டு வேற போடச் சொன்னா, பாவி!"

"பேசாம நாமளும் உப்புமா பண்ணிடுவோமே," என்றான் அச்சுதன்.

"பண்ணினா? நம்மாத்து உப்புமாவா, அவாத்து உப்புமாவான்னு நோட்டம் பாக்கவா? நான் பயந்து அவளைப் பாத்துக் காப்பியடிச்சேன்னு ஆயிடும். புலாவை மாத்தறதா இல்லை."

"பின்னே யார் சாப்பிடறது? நான் ஒருத்தன்தானே இந்தக் காலனியிலேயே சாதம் சாப்பிட யோக்கியதை உள்ளவன்?"

அனந்தலக்ஷ்மி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் மூஞ்சியில் வெளிச்சம் வந்த வேகத்தில் ட்யூப்லைட் வெட்கப்பட்டு அணைந்துவிட்டது. கரண்ட் போனதுதான் காரணம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

"தர்ப்பணம் பண்றது புருஷாள். பொம்மனாட்டிகளுக்கும் குழந்தைகளுக்கும் எந்த அமாவாசை?"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாகப் படியேறிப் போய் ஒரே விஷயத்தைச் சொன்னாள்: "நாளைக்கு நம்மாத்துல பொம்மனாட்டிகள் பந்தி. நீங்க யாரும் கரண்டியைத் தொடப்படாது. குழந்தைகளைக் கூட்டிண்டு வந்து முதல் பந்தியிலேயே ஜம்முனு உக்காந்து சாப்பிடணும். புருஷாளுக்குக் கீழாத்துல பலகாரம் ஏற்பாடு பண்ணியிருக்கேன். மீனாக்ஷி மாமி பாத்துப்பா."

முதல் பந்தி! கல்யாணமாகி வந்த நாள் முதல் எல்லாரும் எழுந்த பிறகு ஆறிப்போன சாம்பாரைச் சுரண்டிச் சாப்பிட்டே பழகிய கூட்டம் அது. ஒரு மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொருத்தி மட்டும், "வெங்காயம் உண்டோ? அமாவாசை அதுவுமா ஆத்துல ஆகாதே..." என்று இழுத்தாள்.

"உங்காத்துல ஆகாது. எங்காத்துல ஆகும். எந்தாத்துல உக்காந்து சாப்பிடப் போறேள்?"

"அதுவும் சரிதான்," என்றாள் அவள், சாஸ்திரத்துக்குப் புதிய பாஷ்யம் கிடைத்த நிம்மதியில்.

மறுநாள் சாயங்காலம் தெரு முழுக்கப் பஞ்சாபிகளின் அணுகுண்டு வெடித்துக்கொண்டிருக்க, மாடியில் பெண்கள் பந்தி அமர்ந்தது. அச்சுதன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பரிமாறினான். "மாமா, இங்க சாம்பார்!" "மாமா, ஜல்தி, ஜாமூன்!" என்று அவனை அதட்டி வேலை வாங்கியதில் மாமிகளுக்குக் கிடைத்த ருசி புலாவில்கூடக் கிடைத்திருக்காது. கிராம்பும் நெய்யும் வதக்கிய வெங்காயமும் சேர்ந்த வாசனை மாடிப்படி வழியே இறங்கிப் போய், கீழே உப்புமாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆண்பிள்ளைகளின் மூக்கைப் பிடித்து உலுக்கியது. அந்த எரிச்சலை அவர்கள் உப்புமாவிடம் காட்டினார்கள். ஒருத்தருக்கு ரவை வேகவில்லை, ஒருத்தருக்குத் தோசை முறுகல், ஒருத்தருக்குச் சட்னி காரம். ஒத்தாசைக்கு ஒரு பெண்பிள்ளை கிடையாது. எல்லாரும் மாடியில் இலை முன்னால். மீனாக்ஷி தோசைக்கல்லுக்கும் கூடத்துக்குமாக ஓடிய ஓட்டத்தை ரயில் தண்டவாளத்தில் போட்டிருந்தால் ஆக்ரா வந்திருக்கும்.

கடைசியில் அவள் மாடியேறி வந்தாள். முந்தானை இடுப்பில், குங்குமம் மூக்கு வரைக்கும் வழிந்திருந்தது.

"ஏண்டி, ஊர்ல இருக்கற ஆம்பளை எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு இங்க கொலு வீத்திருக்கியா?"

"நீங்கதானே மாமி அவாளைக் கூப்பிட்டேள்? எனக்குத் தெரியாம வேற!"

"என் ரவை, என் நெய், என் கை! ரங்கராஜன் எழுந்து கையலம்பிண்டு என்ன சொல்றார் தெரியுமா? அனந்தாவோட ஏற்பாடு பேஷ், புருஷாளுக்குத் தனியாப் பலகாரம் பண்ணச் சொல்லியிருக்கா பாருன்னு! அதுக்கு எங்காத்து மனுஷர் தலையாட்டறார்!"

பந்தி முழுவதும் சிரித்தது. ரங்கராஜனின் மனைவிக்குப் புரையேறி, மேதா ஓடிப்போய்த் தலையில் தட்டினாள்.

"கார்த்தாலேர்ந்து பட்டினியா இருப்பேள். உக்காருங்கோ," என்று அனந்தலக்ஷ்மி ஓர் இலையைப் போட்டாள்.

"எனக்கொண்ணும் வேண்டாம்."

"உங்களுக்கும் தர்ப்பணம் உண்டா மாமி?"

மறுபடி சிரிப்பு. திரும்பிக் கீழே போனால் அடுப்படி, கரிந்த தோசைக்கல், இன்னொரு வாய் காப்பிக்காகக் காத்திருக்கும் ஆண் கூட்டம். மீனாக்ஷியின் வயிறு அவளைக் கேட்காமலேயே முழங்காலை மடக்கியது. உட்கார்ந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே முதல் கவளத்தை எடுத்தாள். இரண்டாவது கவளத்துக்கு முகம் தானாகவே இலைப்பக்கம் திரும்பியது. அதற்குப் பிறகு எண்ணிக்கொண்டிருக்க யாருக்கும் அவகாசம் இல்லை, அத்தனை வேகம்.

இலை காலியானதும் நிமிர்ந்தாள். "உப்பு பத்தலை," என்றாள், கூடம் அதிர. "அரிசியும் குழைஞ்சுடுத்து. ஆபீஸ் போறவ கைதானே."

"அப்படியா மாமி? இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுப் பாத்துட்டு நிச்சயமாச் சொல்லுங்கோ," என்று அனந்தலக்ஷ்மி புருஷன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

"போடாதேடி! போறும்!" மீனாக்ஷி இரண்டு கையையும் இலைமேல் விரித்தாள்.

அனந்தலக்ஷ்மி விரலிடுக்குகளைப் பார்த்து நிதானமாகப் பரிமாறினாள்.