நூற்று முப்பத்தாறாவது வகுத்தல்

“உங்க மேசை போன் நம்பர் 594437 இருக்கே, அது பகா எண்ணுங்க.”

“அப்படின்னா?”

“ஒண்ணையும் அதையும் விட்டா வேற எதாலயும் வகுபடாது. மூணு நாளா வகுத்துப் பாத்தேன்.”

“உங்களுக்கு வேற வேலையே இல்லயா?”

“இருக்கு. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு தபால் அலுவலகத்துக்கு வந்த அந்த அழைப்பில் அவள் விழுந்தவள்தான். மின்சார மீட்டர் பழுதுபார்ப்பவர் அவர். கல்யாணமானதும் அந்தக் கணக்குத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினார். சண்டை வரும்போதெல்லாம் கதவைத் திறந்து தாளைத் தட்டுவார். “வகுபடாது!” முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு அவர் மட்டும் சிரித்தார். இந்தப் பத்து வருடங்களாகக் கேஸ் தீர்ந்ததையும் பால் திரிந்ததையும் தவிர அவர்களுக்குள் பேச்சே இல்லை. அவள் வாயெடுத்தால் அலமாரி திறக்கும்.

காலையில் அக்கா போன் செய்திருந்தாள். “இங்க உனக்கு வச்ச ரூம் காலியாவே கிடக்குடி. உன் மீட்டர்காரர்கிட்ட கேட்டியா, இல்லயா?”

“இன்னைக்குக் கேக்கறேன்க்கா.”

“போன வருஷமும் இதேதான் சொன்னே.”

அவளுக்கு விடுமுறை நாள். துணி எடுக்க அலமாரியைத் திறந்தவள், தாளை முதல் முறையாக வரி வரியாகப் படித்தாள். இரண்டில் தொடங்கி 761 வரை நூற்று முப்பத்தைந்து பகா எண்களால் வகுத்திருந்தார். எல்லாவற்றிலும் மீதி வந்திருந்தது. அடுத்தது 769. அதை அதாலேயே பெருக்கினால் 594437-ஐத் தாண்டிவிடும், அதனால் இனி வகுக்க வேண்டாம் என்று எழுதி நிறுத்தியிருந்தார். ஆனால் அந்தப் பெருக்கலில், ஏழால் பெருக்கி 5383 வரவேண்டிய வரியில் 5483 இருந்தது. சரியாகப் பெருக்கினால் தாண்டவே இல்லை.

அவருடைய பென்சிலாலேயே அவள் நூற்று முப்பத்தாறாவது முறை வகுத்தாள். 773 வந்தது. மீதி எதுவும் இல்லை.

மாலை வேலையிலிருந்து வந்தவரிடம் தாளை நீட்டினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பெருக்கிப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை. அப்புறம் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

“கோட்டை விட்டுட்டேன்.”

அவள் பென்சிலை மேசையில் வைத்தாள்.

“ஆனா பாரேன், ரெண்டுமே பகா எண்தான். அடுத்தடுத்து நிக்குது. நடுவுல வேற பகா எண்ணே கிடையாது.” அவர் குரல் தாளைவிட மெலிந்திருந்தது.

“நாலு தள்ளித்தானே நிக்குது.”

அவர் கை வழக்கம்போல அலமாரிப் பக்கம் போனது. தட்டுவதற்கு அங்கே தாள் இல்லை, மடியில் இருந்தது. பாவமாகத்தான் இருந்தது அவளுக்கு. இந்தப் பாவம் பார்த்தே பத்து வருடம் போயிருந்தது.

“என்னங்க,” என்றாள். “நான் அக்கா வீட்டுக்கே போயிடறேன். என்னைத் திரும்பக் கூப்பிடாதீங்க.”