சிக்காத கயிறு

பித்தளைத் தவலையை எடுக்கப் பரணில் ஏறிய இருளாயி, தவலையோடு ஒரு கோணிப் பையையும் சேர்த்து இழுத்துவிட்டாள். பை மடாரென்று தரையில் விழுந்து வாய் பிளந்தது. அதிலிருந்து சரிந்து வந்ததைப் பார்த்தவள், ஏணியில் பாதி இறங்கியபடியே அலறினாள்.

"அடியே சின்னத்தாயி! எந்தம்பி தானாச் சாகலடி! எவளோ கட்டிப் போட்டுக் கொன்னுருக்கா!"

வாசல் பந்தலில், கட்டிலில் கிடத்தியிருந்த புருஷனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சின்னத்தாய் எழுந்து உள்ளே ஓடினாள். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு இது நல்ல சாக்காகப் போயிற்று. அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பின்னாலேயே வந்து வாசற்படியில் தலையை நீட்டினார்கள்.

தரையில் ஒரு முறுக்குக் கயிறு கிடந்தது. அதன் நுனியில் ஈயக்கட்டி. கட்டிக்கு மேலே ஒரு முடிச்சு, ஒரு சிவப்பு மணி, ஒரு பித்தளை வளையம், மறுபடி ஒரு மணி, மறுபடி முடிச்சு. வளையத்திலிருந்து சாண் நீளத்துக்குக் கறுப்பு முடி விறைத்துக்கொண்டு நின்றது. முடியின் நுனியில் இரும்புக் கொக்கி. கொஞ்சம் மேலே அதே மாதிரி இன்னொன்று.

இருளாயி விளக்குமாற்றுக் கட்டையால் கயிற்றைத் தூக்கிப் பிடித்தாள். அது நேராகத் தொங்கியது.

"பாருங்கடி! அம்புட்டு ஒசரத்துலேர்ந்து விழுந்துருக்கு, ஒரு சிக்கு இருக்கா? முடி வேற, கொக்கி வேற. உசிரில்லாத கயிறா இது?"

பெண்கள் ஒரு அடி பின்னுக்குப் போனார்கள். சின்னத்தாய்க்கு முடியும் தெரியவில்லை, கொக்கியும் தெரியவில்லை. அவள் கண் அந்தச் சிவப்பு மணிகளிலேயே நின்றது. அவை மணிகள் அல்ல, பவளம். அவளுடைய பவளம். "ஏ, இது எம் பவளம்!" என்று வாய்விட்டே சொன்னாள்.

சந்தேகப்படுவதில் சின்னத்தாய்க்கு ஊரில் நல்ல பெயர் உண்டு. பால்காரி வந்தால் விரலை விட்டுப் பார்ப்பாள். வாடிப்பட்டிச் சந்தையில் தராசுத் தட்டின் அடியைத் தடவிப் பார்ப்பாள். ரயில்வே கேங்கில் வேலை பார்த்த புருஷன் காசிமாயன், மண்டபம் பக்கம் தண்டவாளத்தில் காற்று மணலைக் குவித்துவிட்டது, அள்ளப் போகிறேன் என்று அடிக்கடி பாஸ் வாங்கிக்கொண்டு ரயிலேறிப் போனபோது, வேட்டியை உதறி மணலைப் பார்த்தாள், முகர்ந்து உப்பு வாடையைப் பார்த்தாள். கடைசியில் அங்கே எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். கேட்டால் அவர் சிரிப்பார், அவ்வளவுதான்.

பவளம் அவள் அம்மா கல்யாணத்துக்குப் போட்டது. தை மாதம் நூல் அறுந்துபோனது. பொறுக்கி ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு மாடக்குழியில் வைத்திருந்தாள். கோக்க எடுத்தபோது சில குறைந்தன. வீட்டில் இருந்த இன்னொரு பெண் மருமகள் முருகம்மாள் மட்டும்தான். அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியதும் அவள்தான். வேறு என்ன வேண்டும்?

சாடையாகப் பேசினாள். பிறகு தெருவில் வைத்தே கேட்டாள். முருகம்மாள் இல்லையென்று அழுதாள். "பவளந்தான, விட்டுத்தொலை" என்று காசிமாயன் பலமுறை சொல்லிப் பார்த்தார். மருமகளுக்கு இவர் ஏன் இப்படிப் பரிகிறார் என்று அதற்கும் ஒரு சந்தேகம் வந்தது சின்னத்தாய்க்கு. முடிவில் போன அமாவாசையன்று மருமகளைக் கருப்பு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சூடம் அணைக்கச் சொன்னாள். பொய்ச் சத்தியம் பண்ணினால் கருப்பு விடாது, வீட்டில் ஒரு உயிரைக் கேட்டுவிடும் என்பது அந்தப் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

முருகம்மாள் தயங்கவில்லை. "நான் எடுக்கல சாமி. எடுத்தவக யாரோ அவகள நீயே கேளு" என்று எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். காசிமாயன் கோயில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நேற்று வேலை முடிந்து வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தார். விடியும் நேரத்தில் பரணைக் கைகாட்டி, "சின்னத்தாயி, அது... அது" என்றார். புது வேட்டியைக் கேட்கிறார் என்று நினைத்து அவள் பரணுக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தாள். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் போய்விட்டார்.

"இப்பப் புரியுதா?" என்றாள் இருளாயி, எல்லோருக்கும் கேட்கும்படியாக. "பவளத்த எடுத்தவ எதுக்கு எடுத்தா? செய்வினை வைக்க எடுத்திருக்கா. பொய்யும் சொல்லிச் சூடத்தையும் அணைச்சா. கருப்பு எந்தம்பியக் கொண்டுபோயிருச்சு. அவ வாய்க்கரிசி போடக் கூடாது. அவ அப்பனுக்கு ஆள் அனுப்புங்க, பொழுது சாயறதுக்குள்ள கூட்டிட்டுப் போகட்டும்."

சின்னத்தாய்க்கும் அதில் மறுபேச்சு இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷனை ஒரு சிறுக்கி தின்றுவிட்டாளே என்றுதான் நினைத்தாள். மகன் பேயாண்டி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். அம்மாவுக்கும் பேசவில்லை, பெண்டாட்டிக்கும் பேசவில்லை.

முருகம்மாள் மட்டும், "எனக்கு ஒண்ணுந் தெரியாது அத்தே" என்றாள். அவள் கொல்லைப்புறம் போய் மாட்டுத்தொட்டியின் ஓரத்தில் நின்றுகொண்டாள். அவள் போன வழியில் நின்ற பெண்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டார்கள்.

இருளாயி அந்தக் கயிற்றைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டு, மேலே வேப்பங்குழையைப் போட்டு, முறத்தைக் கவிழ்த்தாள். குறி சொல்லும் கோடாங்கி வந்து பார்க்கிறவரை யாரும் தொடக் கூடாது என்றாள். சின்னத்தாய் பக்கத்திலேயே நின்றாள். மருமகள் எடுத்து மறைத்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயம்.

அப்போதுதான் கண்ணுச்சாமி கால் கழுவக் கொல்லைக்கு வந்தான். காசிமாயனோடு ஒரே கேங்கில் வேலை பார்த்தவன். சேதி கேட்டு அழுதுகொண்டே வந்தவனுக்குக் கண் சிவந்திருந்தது. முறத்துக்கு வெளியே ஈயக்கட்டி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுக் குனிந்து முறத்தைத் தூக்கினான்.

"தொடாதீக!" என்று பதறினாள் சின்னத்தாய். "செய்வினை அது!"

"செய்வினையா?" கண்ணுச்சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடென்று ஞாபகம் வந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். "மதினி, இது அண்ணன் தூண்டிலு. கடல் தூண்டிலு. ஒங்ககிட்டக் காட்டலையா?"

"என்ன தூண்டிலு?"

"மண்டபத்துல கரையில நின்னு வீசுறது. மணல் அள்ளப் போனப்பப் பிடிச்ச கிறுக்கு மதினி. பெறகு லீவு போட்டுட்டுல்ல போனோம்! கண்மாயில போடுற மாதிரி இல்ல கடலு. தலைக்கு மேல சுத்தி, அலைக்கு அந்தப் பக்கம் போயி விழுகணும். சுத்துறப்பவே கொக்கி வந்து தாய்க்கயித்தச் சுத்திக்கிரும். தப்பிச்சுதுன்னா அலை உருட்டிச் சிக்க வச்சிரும். பாதிப் பொழுது சிக்கெடுக்கவே சரியாப் போகும். நாங்கள்லாம் விட்டுட்டோம். அண்ணே விடல."

அவன் கயிற்றைக் கையில் தூக்கிப் பிடித்தான். இப்போதும் அது நேராகத்தான் தொங்கியது.

"ஈர்க்குச்சி வச்சுக் கட்டிப் பார்த்தாரு, ஒடிஞ்சுபோச்சு. கம்பி கட்டுனாரு, வளைஞ்சுபோச்சு. மதுரையில ஒரு ஜட்காக்காரன்கிட்டக் கெஞ்சிக் குதிரை வால் முடி வாங்கி முறுக்குனாரு. இந்தா பாருங்க, விறைப்பாத் தள்ளி நிக்குது, தாய்க்கயித்துப் பக்கமே போகாது. அது திரும்புறதுக்கு இந்த வளையம். வளையம் ஏறி எறங்காம இருக்க மேல ஒரு மணி, கீழ ஒரு மணி. மதுரைப் புதுமண்டபத்துக் கடையில கண்ணாடிப் பாசி வாங்கிப் போட்டாரு. ஈயம் பட்டா அது தூளாப் போகுது. பவளம் போட்டாரு பாருங்க, அதுக்கப்புறம் சிக்குங்கிற பேச்சே இல்ல. என்னா வீசு வீசுனாலும் இப்படியேதான் நிக்கும்."

"பவளம் ஏதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள் சின்னத்தாய்.

"சொல்லாம என்ன? கரையில போறவன் வாரவன்கிட்டயெல்லாம் சொல்லுவாரு. 'எம் பொண்டாட்டி குடுத்த பவளம்யா'ன்னு. எங்களுக்கெல்லாம் பொறாமையாத்தான் இருக்கும் மதினி. எங்க வீட்டுல கேட்டா விளக்குமாத்தத் தூக்குவாளுக."

சின்னத்தாய்க்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் ஒருநாள் கண்மாய் மீனைப் பற்றி அவர் ஏதோ ஆசையாகப் பேச்செடுத்தார். வேலையற்றவன் பேச்சு என்று அவள் வாயை அடைத்தாள். அதற்குப் பிறகு அவர் எதைப் பற்றியும் அவளிடம் ஆசையாகப் பேச்செடுத்ததில்லை.

அப்போதும் அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அங்குட்டுப் பொம்பள யாரும்..."

"மீனே ஒழுங்கா வராது மதினி. பொம்பளயா வரப் போறா?" என்று சொல்லிவிட்டு, கண்ணுச்சாமி கால் கழுவப் போனான்.

படுபாவி மனுஷா, என்று உள்ளே கத்தினாள் சின்னத்தாய். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்றால், மாட்டேன்தான். ஆனால் அந்தப் பிள்ளை சூடத்தில் கையை வைக்கும்போது மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயே! வாயைத் திறந்தால் உன் கடலை நான் பிடுங்கிவிடுவேன் என்று பயமா? அவ்வளவு பயமா என்னைக் கண்டு? கோபத்தில் கண்ணீர் முட்டியது. விடிந்ததிலிருந்து அழுததெல்லாம் ஊருக்காக அழுதது என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

பிறகுதான் அடுத்த நினைப்பு வந்தது. எடுத்தவர்களை நீயே கேளு என்று முருகம்மாள் சொன்னாள். எடுத்தவர் செத்துப்போனார். இதைச் சொன்னால் ஊர் அப்படித்தான் கணக்குப் போடும். காசிமாயன் தன் பெண்டாட்டியின் பவளத்தைத் திருடினான், கருப்பு அடித்துப் போட்டது என்று ஊர் வாய் முழுக்க அதுவாகத்தான் இருக்கும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இன்று சாயங்காலம் பிறந்த வீட்டுக்குப் போவாள். இவள் எமகாதகி என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். அங்கேயும் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

தலையை நிமிர்த்தினாள். மாட்டுத்தொட்டியின் ஓரத்தில் முருகம்மாள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கூப்பிடு தூரம்கூட இல்லை. கண்ணுச்சாமி சொன்ன ஒரு வார்த்தையும் அவளுக்குக் கேட்காமல் போயிருக்காது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

வாசலில் பறை நின்றது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள்.

சின்னத்தாய் கயிற்றை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். அவள் கையில் அதைப் பார்த்ததும் கூட்டம் விலகியது. "ஏ, அதத் தூக்கிட்டு வாராடி!" என்று யாரோ பதறினார்கள்.

"இது தூண்டிலு" என்றாள் சின்னத்தாய். "எம் புருஷன் செஞ்சது. கடல்ல மீன் பிடிக்க."

"பவளம்?" என்றாள் இருளாயி.

"நாந்தான் குடுத்தேன்."

இருளாயி அவளையே பார்த்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தூண்டிலைப் பார்த்தாள், தம்பியின் முகத்தைப் பார்த்தாள், மறுபடி சின்னத்தாயைப் பார்த்தாள்.

"நீ குடுத்தியா? பெறகு எதுக்குடி அந்தப் பிள்ளையக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிச் சூடம் அணைக்க வச்ச?"

"வச்சேன்."

"அதான் எதுக்குங்கிறேன்? சாமி முன்னாடி வெளையாட்டா?"

"எனக்கு அவளப் பிடிக்கல மதினி. வச்சேன்."

பின்னாலிருந்து ஒரு கிழவர் காறித் துப்பினார். "கருப்பு சும்மா விடாதும்மா" என்றார் இன்னொருவர். சின்னத்தாய் பொய்யில்லாமல் பயந்தாள். இத்தனை நாள் மருமகள் மேல் விழுந்துகொண்டிருந்த பார்வை அத்தனையும் இப்போது தன் மேல் வந்து விழுவதை அவளால் தோலில் உணர முடிந்தது. கண்ணுச்சாமி மட்டும், மதினி கொடுத்தது தனக்கு முன்பே தெரியும் என்பதுபோலப் பக்கத்தில் நின்றவனிடம் தலையை ஆட்டினான்.

தூண்டிலைச் சுருட்டிக் கோடித் துணிக்கு அடியில், காசிமாயனின் கை ஓரமாக வைத்தாள். அவரை ஒரு வார்த்தை திட்ட வேண்டும் போலிருந்தது. நான் கொடுத்ததாக நீ ஊரெல்லாம் சொன்னாய், நானும் கொடுத்துவிட்டேன், போ, என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு திரும்பி, "முருகம்மா" என்று கூப்பிட்டாள்.

முருகம்மாள் கொல்லை வழியாகச் சுற்றி வந்து பந்தலின் ஓரத்தில் நின்றாள். இந்தத் தடவை யாரும் சேலையை ஒதுக்கவில்லை. பேயாண்டி முதல்முறையாகத் தலையை நிமிர்த்திப் பெண்டாட்டியைப் பார்த்தான். இருளாயியும் அவளைத்தான் பார்த்தாள்.

"ஏத்தா, ஒங்கத்த சொல்றது நெசமா? ஒனக்கு ஏதும் தெரியுமா?"

முருகம்மாள் மாமியாரைப் பார்த்தாள். சின்னத்தாய் தாம்பாளத்திலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளி நீட்டிக்கொண்டு நின்றாள். விரலிடுக்கில் அரிசி கீழே சிந்திக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒண்ணுந் தெரியாது" என்று சொல்லிவிட்டு முருகம்மாள் கையை விரித்தாள். உள்ளங்கையில் சூடம் சுட்ட இடம் இன்னும் ஆறாமல் கறுத்திருந்தது. சின்னத்தாய் அரிசியை அந்த இடத்தில் படாமல், ஓரமாகப் பார்த்து வைத்தாள்.